மலைப்பாம்பு வீட்டுக்கு வருமுன்: பெட்டியும் தீனியும்

கடையில் பார்க்கும்போது ரெட்டிக் (ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு) குட்டி இரண்டடி, இரண்டரை அடிதான் இருக்கும். உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும். பார்க்க அழகாகவும் இருக்கும். தாராளமாகத் தீனி போட்டால் ஒரே வருடத்தில் ஆறேழு அடி வளர்ந்துவிடும். மூன்று நான்கு வருடத்தில் 12 அடி வந்தாலும் ஆச்சரியமில்லை. நம் மலேசியக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் பெரிய சாக்கடைகளிலும் திரிகிற, மலாயில் ஊலார் சாவா பாத்தேக் என்கிற பாம்புதான் இது. உலகத்திலேயே நீளமான பாம்பினம். 2016இல் பினாங்கு பாயா தெருபோங்கில் மேம்பாலக் கட்டுமான இடத்தில் பிடிபட்ட ஒன்று சுமார் 8 மீட்டர் நீளம் என்று செய்தி வந்தது, நினைவிருக்கும். ஆகவே இடம் பார்க்கும்போது குட்டியை மறந்துவிட்டு, நான்கு வருடம் கழித்து இருக்கப்போகிற பாம்பை நினைத்துப் பாருங்கள். அது 20 வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுடைய கவலையெல்லாம் பாம்பை எப்படிச் சூடாக வைப்பது என்பதுதான். கோலாலம்பூரில் அந்த வேலையை வெயிலே பார்த்துக்கொள்கிறது. இங்கே பாம்பைக் கெடுப்பது வெக்கை, காற்றோட்டமில்லாத ஈரம், அளவுக்கு மீறிய தீனி, இந்த மூன்றும்தான். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கும்.

காகிதம் முதலில்

தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 716) நடப்பில் இருக்கிறது. பெர்ஹிலித்தான்தான் அதைக் கவனிக்கும் துறை. ஊலார் சாவா பாத்தேக் பாதுகாக்கப்பட்ட இனம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு இனங்கள் என்றாலும் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மலைப்பாம்பு, போவா இனங்கள் எல்லாமே சைட்டிஸ் எனும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. எந்த இனத்துக்கு எந்த உரிமம் வேண்டும் என்பதைப் பாம்பை வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடையின் உரிமம், பாம்பு எங்கிருந்து வந்தது என்ற தாள், வாங்கிய ரசீது இவையெல்லாம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். "பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ்" என்று கடைக்காரர் சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டெலிகிராமில் படம் போட்டு விற்பவரிடமும் அதேதான்.

தோட்டத்தில் பிடித்தது என்று யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டில் பிடிபட்ட பாம்பு வயிறு நிறையப் புழுவும் செதிலுக்கடியில் உண்ணியுமாக வரும். பல வாரம் தீனி தொடாது. பெட்டிச் சுவரில் மூக்கைத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும்.

கொண்டோவில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தையும் கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளிலேயே, மற்றக் குடியிருப்பாளர்களின் பாதுகாப்புக்கு ஆபத்தான விலங்கை வைக்கக்கூடாது என்று ஒரு துணைவிதி உண்டு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அப்புறம் அம்மாவின் சம்மதம். புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிற அதே அம்மா, ஹாலில் மலைப்பாம்பு என்றால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

எந்தப் பாம்பு

பால் பைத்தான் (ball python) 3 முதல் 5 அடி. அது பெரிய பாம்புக் கணக்கிலேயே வராது. போவா 6 முதல் 8 அடி. பிளட் பைத்தான் 4, 5 அடிதான், ஆனால் தொடை தடிமனில் கனமாக இருக்கும். பர்மீஸ் 10 முதல் 16 அடி. ரெட்டிக் அதற்கும் மேலே போகும். இந்த இரண்டு இனத்திலும் பெண்தான் பெரிது.

புதியவர் என்றால் போவாவில் ஆரம்பியுங்கள் என்பேன். பெரிய பாம்பின் பலம் எப்படியிருக்கும் என்று கைக்குத் தெரியும், ஆனால் ஒருவரே தூக்கிவிடலாம். இரண்டு வருடம் அதை ஒழுங்காக வைத்திருந்த பிறகும் ரெட்டிக் மேல் ஆசை இருந்தால், அப்போது யோசியுங்கள். "கூட்டமாக வருகிறவர்களிடம் காட்டலாம்" என்பதுதான் காரணமென்றால் அந்தப் பணத்தில் மீன் தொட்டி வையுங்கள்.

பெட்டி

பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளத்துக்குக் குறையக்கூடாது. அது குறைந்தபட்சக் கணக்கு. 10 அடிப் பாம்புக்கு 8 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் டெரஸ் வீட்டுச் சின்ன அறை பெரும்பாலும் 9க்கு 10 அடி. ஆக, ஒரு பாம்புக்கு ஒரு அறை போய்விடும். இதை ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் பர்மீஸ், ரெட்டிக் பக்கம் போக வேண்டாம். குட்டிக்கு எடுத்தவுடனேயே இவ்வளவு பெரிய பெட்டி வேண்டியதில்லை. ஒளிந்துகொள்ள இடமில்லாத பெரிய பெட்டியில் குட்டி பயந்து தீனி எடுக்காது. மூடி இறுகப் பூட்டக்கூடிய சிறிய பெட்டியில் தொடங்கி, வளர வளர மாற்றுங்கள்.

பொருள் என்று பார்த்தால் பிவிசி பலகை நம் ஊருக்குச் சரியானது. ஈரத்தில் ஊறாது, துடைத்தால் போய்விடும். பிளைவுட் மலிவு, ஆனால் ஆறே மாதத்தில் ஓரம் உப்பி, பூசணம் பிடித்து, கரையானும் வந்து சேரலாம். பிளைவுட்தான் முடியும் என்றால் உள்பக்கம் முழுக்க நீர்புகா வார்னிஷ் பல பூச்சு பூசி, மூலைகளைச் சிலிக்கோன் கொண்டு அடைத்து, வாசனை அறவே போகும்வரை காயவிட்டுத்தான் பாம்பை விட வேண்டும். சமையலறை அலமாரி செய்கிற குத்தகையாளரிடம் அளவு கொடுத்தால் பிவிசியில் செய்துதருவார். பாம்புக்கு என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம்.

கதவு முன்பக்கம் திறக்க வேண்டும். மேலிருந்து திறக்கிற பெட்டியில் உங்கள் கை மேலிருந்து இறங்கும். பாம்புக்கு அது பருந்து வருகிற மாதிரி. இரண்டு சறுக்குக் கண்ணாடிக் கதவுதான் வழக்கம். உறுதியூட்டிய கண்ணாடியாகப் போடுங்கள். இப்போது பூட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பாம்பு இரவெல்லாம் சும்மா இருக்காது. கண்ணாடியின் ஓரத்தில் மூக்கை வைத்து, உடம்பைப் பின்சுவரில் முட்டுக் கொடுத்து, மெதுவாகத் தள்ளும். பள்ளத்தில் கண்ணாடி மயிரிழை நகர்ந்தால் போதும், அந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வேலை செய்யும். தலை நுழைகிற இடைவெளி கிடைத்தால் முழு உடம்பும் போய்விடும். கைப்பேசிக் கடைகளில் கண்ணாடி அலமாரிக்குப் போடுவார்களே, பல்பல்லாக இருக்கும் நீளத் தகட்டுப் பூட்டு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதைப் போடுங்கள். கண்ணாடியை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் பள்ளத்தில் ஒரு கட்டையும் வையுங்கள். இதற்கு மேல் அறைக்கு ஒரு பூட்டு. அறைக் கதவின் அடி இடைவெளியையும் கூரைத் தட்டில் இருக்கும் ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

உள்ளே அதிகம் ஒன்றும் வேண்டாம். உடம்பு முழுக்க அடங்கும் அளவுக்கு ஒளிவிடம் ஒன்றிரண்டு, அது இறங்கிப் படுக்கும் அளவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே விரிப்பு. விரிப்புக்குப் பழைய நாளிதழைப் போல மலிவானது எதுவுமில்லை. அசிங்கம் பட்டால் உடனே தெரியும், சுருட்டி எறிந்துவிடலாம். தேங்காய் மட்டைத் துகள் பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி மாற்றாவிட்டால் பூசணம். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பெரும்பாலான பாம்புகள் அதிலேயேதான் கழியும். அப்படிக் கழிந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்புதான், சோடியெல்லாம் வேண்டாம்.

வெக்கையும் ஈரமும்

பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி, மறுமுனை 26, 27 டிகிரி இருக்க வேண்டும். பாம்பு தானே நகர்ந்து உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். கோலாலம்பூரில் பகலில் வெளியே 32, 33, இரவில் 24, 25. அதாவது சூடு இலவசம்; குளிர்ந்த முனைக்குத்தான் நாம் பாடுபட வேண்டும். டெரஸ் வீட்டு மாடி அறை, அதிலும் மேற்குப் பார்த்தது, பிற்பகல் நான்கு மணிக்கு அடுப்புதான். 35 டிகிரிக்கு மேல் தப்பிக்க இடமில்லாமல் மாட்டிக்கொண்ட பாம்பு சில மணி நேரத்திலேயே செத்துப்போகலாம். ஆகவே பெட்டி வைப்பதற்கு முன்பே, வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெப்பமானியை ஒரு வாரம் தொங்கவிட்டுப் பாருங்கள். உச்சபட்ச அளவைப் பதிவு செய்யும் டிஜிட்டல் வெப்பமானியாக வாங்கினால் நீங்கள் வேலையில் இருக்கும்போது நடந்ததும் தெரியும். கீழ்த்தளத்து வடக்கு அறை கிடைத்தால் அதுதான் நல்லது. ஆனால் வெள்ளம் ஏறுகிற தாமான் என்றால் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயர்த்திக் கட்டுங்கள்.

ஏர்கோன் போடுகிற அறையில் மட்டும் கதை மாறும். அங்கே ஒரு முனையில் வெப்பத் தகடு தேவைப்படும். தகட்டைப் பெட்டியின் உள்கூரையில் பொருத்தி, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத எந்தச் சூட்டுக் கருவியும் பெட்டிக்குள் போகக்கூடாது. சூடாகும் கல் என்று விற்பார்கள், வேண்டவே வேண்டாம். வயிறு வெந்துபோகும்வரை அதன்மேலேயே படுத்திருக்கும் பாம்புகள் உண்டு.

ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு போதும். நம் காற்றில் அது தானாக இருக்கிறது. பிரச்சினை, அந்த ஈரம் பெட்டிக்குள் தேங்குவது. பின்சுவரில் கீழே ஒருபுறமும் மேலே எதிர்ப்புறமும் காற்றுத் துளைகள் வையுங்கள். அறையில் ஒரு விசிறி மெதுவாகச் சுற்றட்டும். காலையில் கண்ணாடியில் நீர்த்துளி வழிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். தேங்கிய ஈரத்தில் வயிற்றுச் செதில் சிவந்து புண்ணாகும், சளி பிடிக்கும்.

தீனி

எவ்வளவு என்பதற்கு எளிய அளவு, இரையின் பருமன் பாம்பின் நடு உடம்புப் பருமன் இருக்கலாம். அதைவிடப் பெரிதாக வேண்டாம். குட்டிக்கு 5 முதல் 7 நாளைக்கு ஒருமுறை. ஒரு வயதுக்குப் பிறகு 10 முதல் 14 நாள். வளர்ந்த பாம்புக்கு மூன்று வாரம் முதல் ஆறு வாரம். 10 அடிப் பாம்புக்கு மாதம் ஒரு கிலோ முயல் ஒன்று என்பது தாராளம். இதைக் கேட்டால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். "பாவம், பசிக்குது போல" என்று வாரா வாரம் எலி வாங்கிவரச் சொல்வார்கள். மலைப்பாம்பு எப்போது பார்த்தாலும் பசித்த மாதிரிதான் இருக்கும். காட்டில் அடுத்த இரை எப்போது என்று தெரியாத உயிர் அது, கிடைத்ததையெல்லாம் விழுங்கும்.

இரை விழுங்கியதும் அதன் உடம்புக்குள் நடப்பது லேசான வேலையில்லை. பர்மீஸ் மலைப்பாம்பின் குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் சில நாளில் பருத்துவிடும். இதயம்கூட இரண்டு நாளில் 40 விழுக்காடு வரை பெரிதாவதை அளந்திருக்கிறார்கள். செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கும். அந்த ஓய்வைக் கொடுக்காமல் திணித்தால் ஈரலில் கொழுப்பு படிந்து ஆயுள் குறையும். உடம்பை வளைக்கும்போது மடிப்பு விழுந்தால், வால் தொடங்கும் இடம் திடீரென்று மெலிந்து தெரிந்தால், கொழுத்துவிட்டது என்று அர்த்தம். இடைவெளியைக் கூட்டுங்கள். சீக்கிரம் பெரிதாக்க வேண்டும் என்று தீனி திணிப்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரை முழுதாக இருக்க வேண்டும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து, ஈரலில் வைட்டமின். எல்லாம் சேர்ந்தால்தான் சாப்பாடு. பசாரில் குடல் எடுத்து வெட்டிய கோழி மாதக்கணக்கில் போட்டால் பாம்பு நலிந்துபோகும். எலி, அப்புறம் முயல். நடுநடுவே முழுக் காடை. உயிரோடு போடாதீர்கள். மூலையில் மாட்டிய எலி கடித்தால் பாம்பின் கண் போகலாம், முதுகுத் தசை கிழியலாம். உறைந்த எலி ஊர்வன விற்கும் கடைகளில் கிடைக்கும். பாலும் வைக்க வேண்டாம். பாம்புக்கு அது செரிக்காது. தண்ணீர் போதும்.

உறைந்த எலியை வைக்கத் தனியாகச் சிறிய ஐஸ்பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் எலி இருந்தால் குடும்பத்தில் நிம்மதி இருக்காது. கிருமி விஷயமாகவும் அது சரியில்லை. தீனி நாளையும் யோசித்து வையுங்கள். வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் வீட்டில் முயலை உருக வைக்க வேண்டாம். பாம்புக்குக் கிழமை தெரியாது, சனிக்கிழமை போட்டால் கோபித்துக்கொள்ளாது.

தீனி நாள் இப்படிப் போகட்டும். முதல் நாள் இரவு இரையை ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். முயலுக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். நம் வெக்கையில் மேசைமேல் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் வயிறு உப்பி நாறும், அதைக் குப்பையில்தான் போட வேண்டும். உருகியதைக் கட்டிய பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்கள். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கிற சூடு போதும். மைக்ரோவேவில் வைத்தால் வெடித்துவிடும். வயிற்றை அழுத்திப் பாருங்கள், நடுவில் கட்டியாகக் குளிர்ந்திருக்கக்கூடாது. மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டை உணரும். தலைப்பகுதி சூடாக இருந்தால் தயங்காமல் எடுக்கும்.

பிறகு சோப்புப் போட்டுக் கையை முழங்கைவரை கழுவுங்கள். எலி வாசனையோடு கதவைத் திறந்தால் அந்தக் கைதான் இரை. கண்ணாடி வழியாகத் தலை எங்கே என்று பார்க்காமல் பூட்டைத் தொடாதீர்கள். கதவைப் பாம்பின் தலைக்கு எதிர்ப்பக்கத்தில் பாதி மட்டும் திறந்து, நீண்ட இடுக்கியால் இரையின் இடுப்பைப் பிடித்துத் தலை முன்னால் இருக்குமாறு நீட்டுங்கள். முதலில் நாக்கு வேகமாக ஆடும். பிறகு நாக்கு நின்று, கழுத்து மெல்ல எஸ் வடிவத்தில் பின்வாங்கும். அடுத்தது கண்ணுக்குத் தெரியாது. சுற்றி முடித்த பிறகுதான் தெரியும். உடனே இடுக்கியை விட்டு, கையை எடுத்து, கதவைப் பூட்டுங்கள். முழுதாக விழுங்கிவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தீனிக்காகப் பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் பெரிய பாம்புக்கு ஆகாது. சாப்பிட்ட வெறியில் இருக்கும் 10 அடிப் பாம்பைத் திரும்பத் தூக்குவதுபோல ஆபத்து வேறில்லை.

இரண்டு நாள் தொடக்கூடாது. பெரிய இரை என்றால் நான்கைந்து நாள். கக்கிவிட்டால் பதறி மறுபடி ஊட்டாதீர்கள். இரண்டு வாரம் சும்மா விட்டு, பாதி அளவு இரை கொடுங்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவர். கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது. அப்போது தீனியும் வேண்டாம், கையும் வேண்டாம்.

கையாளும்போது

1995இல் ஜொகூர் சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை ஏறக்குறைய 7 மீட்டர் ரெட்டிக் கொன்றது. அது காட்டுப் பாம்பு. வீட்டுப் பாம்புக்கும் அதே தசைதான். 8 அடி தாண்டிய பாம்பைத் தனியாகத் தூக்காதீர்கள், தனியாகத் தீனி போடாதீர்கள். தெம்புள்ள இன்னொரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் மாலையாகப் போட்டுப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

தீனிக்கும் தூக்குவதற்கும் வித்தியாசம் காட்டப் பாம்புக் கொக்கி உதவும். தூக்கும் நாளில் கதவைத் திறந்ததும் கொக்கியால் உடம்பை மெல்லத் தடவுங்கள். தடவினால் தீனி இல்லை என்பது சில மாதத்தில் அதற்குப் பழகிவிடும். கடித்துவிட்டால் இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் சதைதான் கிழியும். கை கழுவும் ஆல்கஹால் திரவம் கொஞ்சம் வாயோரம் விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். அந்தப் புட்டி எப்போதும் பெட்டி மேல் இருக்கட்டும். சுற்றிக்கொண்டால் வால் நுனியிலிருந்து பிரிக்க வேண்டும். தலைப்பக்கம் முழுப் பலம் இருக்கும், வால்பக்கம் பலம் குறைவு. நிலைமை மீறினால், அல்லது பாம்பு வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால், வெட்கப்படாமல் 999.

நோயும் சுத்தமும்

மூக்கோரம் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, தண்ணீர்த் தொட்டியில் மிளகுத்தூள் மாதிரி மிதக்கும் உண்ணி, தலையை மேலே தூக்கி நட்சத்திரம் பார்ப்பதுபோல் இருப்பது, எதுவானாலும் மருத்துவரிடம் போங்கள். சாதாரண நாய்பூனை மருத்துவமனையில் பாம்பு பார்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்குச் செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பாம்பு வைத்திருந்தால், புதிதாக வருவதை வேறு அறையில் இரண்டு மூன்று மாதம் தனியாக வையுங்கள். பெட்டியைக் கழுவப் பினாயிலும் பைன் எண்ணெய்க் கலவையும் ஆகாது. நீர்த்த குளோராக்ஸ் (பிளீச்) போட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். பாம்பைத் தொட்ட பிறகு கை கழுவாமல் சாப்பிட்டால் சால்மொனெல்லா கிருமி தொற்றலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

ஊருக்குப் போகும்போது

தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் வளர்ந்த பாம்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. போவதற்கு முந்தின வாரம் தீனி போடாதீர்கள். கக்கினாலும் கழிந்தாலும் சுத்தம் செய்ய ஆள் இருக்காது. தொட்டி நிறையத் தண்ணீர் வைத்து, ஒன்றுக்கு இரண்டு முறை பூட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டு நண்பரிடம் அறைச் சாவி மட்டும் கொடுங்கள், பெட்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். தினம் ஒருமுறை வந்து வெப்பமானியைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். 34ஐத் தாண்டினால் அறை ஏர்கோனை 27இல் போடச் சொல்லுங்கள்.